யோம் கிஹூனின் வீடியோக்கள்

யோம் கிஹூன் ரொம்ப நல்லவன். இதை நான் சொல்லவில்லை. எங்கள் மூளை அறுவைத் துறையில் பேராசிரியர் பாங் தொடங்கி, தரை துடைக்க வருகிற அம்மா வரைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

நானும் அவனும்தான் அந்த வருடம் கடைசி ஆண்டுப் பயிற்சி டாக்டர்கள். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை நான்கு தடவை முட்டி மோதி எழுதி உள்ளே வந்தவள், வயதில் மூத்தவள் என்பதால் துறையில் சின்னவர்கள் எல்லாருக்கும் நான் அக்கா. அவனுக்கும்தான். பயிற்சி முடிந்தபின் துறையிலேயே தங்கி, மூளை ரத்தக் குழாய் அறுவையில் மேற்பயிற்சி பெற ஒரே ஓர் இடம். அது கிடைக்காதவர் ஏதாவது ஒரு முதுகுவலி ஆஸ்பத்திரியில் சேர்ந்து, கோல்ஃப் ஆடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற கம்பெனி முதலாளிகளுக்கு ஊசி போட்டே கிழவராக வேண்டியதுதான். நல்ல சம்பளம். ஆனால் மூளையை மறுபடி கண்ணால் பார்க்க முடியாது. அந்த இடத்துக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தேன்.

முதல் மூன்று வருடம் எனக்குக் கவலையே இல்லை. எங்கள் நாட்டுச் சட்டப்படி ஆண்கள் பயிற்சி முடித்த கையோடு பட்டாளத்து டாக்டராகப் போய் மூன்று வருடம் இருந்துவிட்டு வரவேண்டும். ஆக, கிஹூன் போய்விடுவான், இடம் எனக்குத்தான் என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நாட்களில் அவனுக்கு நான் எவ்வளவு செல்லம் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். அவனுடைய இரவுப் பணியை நான் வாங்கிக்கொள்வேன். கப் நூடுல்ஸில் அவனுக்கென்று முட்டை போடுவேன். போகப்போகிற பிள்ளைதானே, இருக்கிறவரை நன்றாக இருக்கட்டும் என்று ஒரு பெருந்தன்மை.

ஒரு நாள் துறை விருந்தில் பன்றி இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தோம். நான் இடுக்கியால் புரட்டிக்கொண்டே, "பட்டாளத்துக்குப் போனா இதெல்லாம் கிடைக்காதுடா, நல்லா சாப்பிடு" என்றேன்.

"பட்டாளமா? அது எப்பவோ முடிஞ்சு போச்சே அக்கா" என்றான். "காலேஜ் ரெண்டாம் வருஷம் முடிச்ச கையோட சாதாரண சிப்பாயா போயிட்டு வந்துட்டேன். சமையல்கட்டுல போட்டாங்க. முள்ளங்கி நறுக்கி நறுக்கி இந்த இடது கை காய்ச்சே போச்சு."

அவனுக்கென்று புரட்டிய இறைச்சியை என் தட்டிலேயே போட்டுக்கொண்டேன். நான் போட்ட முட்டைகள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின. அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

கடைசி வருடத்தில் பாதி நேரத்தை ஆய்வுக்கூடத்தில் கழிக்கவேண்டும் என்பது பேராசிரியர் பாங் வைத்த சட்டம். "ஆராய்ச்சி பண்ணத் தெரியாதவன் கத்தியைத் தொடக்கூடாது" என்பார். எங்களுக்குக் கொடுத்த ஆய்வு இதுதான்: எலியின் கழுத்தில் இருக்கிற ரத்தக் குழாயை வெட்டி, மறுபடி தைத்து, தையல்மேல் ஒரு புது மருந்தைத் தடவவேண்டும். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். ஒரு வாரம் கழித்துத் திறந்து, குழாயில் ரத்தம் ஓடுகிறதா, உறைந்து அடைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குழாய் ஒரு மில்லிமீட்டர் தடிமன். நூல் கண்ணுக்கே தெரியாது. தும்மினால் போச்சு.

எலிக்கு முன்னால் கோழி இறக்கை. கடையில் பை பையாக வாங்கி வந்து, அதற்குள் ஓடும் குழாயை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துத் தைத்துப் பழகுவோம். காலையெல்லாம் கோழியைத் தைத்துவிட்டு மதியம் பொரித்த கோழி வரவழைத்துத் தின்பது எங்கள் துறையில் மட்டும்தான் நடக்கும். அதிலும் கிஹூன் பொரித்த இறக்கையைப் பிய்த்துக்கொண்டே, "அக்கா, இந்தக் குழாய் எவ்வளவு நீளமா வருது பாருங்க" என்று காட்டுவான். அதையும் எல்லாரும் ரசிப்பார்கள்.

எலிகள் வந்ததும் என் மானம் போயிற்று. நான் தைத்த குழாய்கள் எல்லாம் அடைத்துக்கொண்டன. மருந்து தடவியதும் அடைத்தது, தடவாததும் அடைத்தது. தையல் சரியில்லை என்றால் மருந்து என்ன செய்யும்? பேராசிரியர் என் எலிகளைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும், "ஹெரிம், உன் எலிக்கு மருந்து வேண்டாம்மா. வேற டாக்டர்தான் வேணும்" என்றார். சின்னவர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். கிஹூன் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவனுடைய எலிகளோ துள்ளிக்கொண்டு திரிந்தன. மருந்து தடவியவற்றில் ஏறக்குறைய எல்லாம் திறந்திருந்தன. தடவாதவற்றில்கூடப் பாதிக்கு மேல். இன்னும் எலிகள் பாக்கி இருந்தன, ஆனால் அதுவரைக்குமே அழகான முடிவு. கட்டுரையாக எழுதினால் முதல் பெயர் அவனுடையதாகத்தான் இருக்கும்.

இலையுதிர் காலத்தில் ஆய்வுக்கூட விலங்குகளுக்கு நினைவுப் பூசை நடத்துவோம். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கல் நட்டிருக்கிறது. அதன் முன்னால் அரிசிப் பலகாரம், ஆப்பிள், எலிகள் தின்னும் உருண்டைத் தீவனம் எல்லாம் படைத்து, அரிசிக் கள் ஊற்றி, வெள்ளைக் கோட்டோடு வரிசையாக நின்று விழுந்து வணங்குவோம். அந்த வருடம் கள் ஊற்ற யாரைக் கூப்பிடுவது என்று யோசித்த பேராசிரியர், "அதிகமா அனுப்பி வச்சவ நீதானே, நீயே ஊத்து" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். ஊற்றினேன். கல்லுக்கு முன் நெற்றி தரையில் படக் குனிந்தபோது செத்த எலிகளுக்காக நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் குனிந்திருந்தவனின் ஓர் எலியாவது அடைத்துக்கொள்ளட்டும் என்றுதான் வேண்டினேன்.

அப்போதுதான் அந்தச் சந்தேகம் தட்டியது. ஒருத்தனுக்கு எல்லாமே எப்படிச் சரியாக வரும்? அடைத்துப்போன எலிகளை இவன் ஒளிக்கிறானோ? செத்ததை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறானோ?

கண்டுபிடிக்க வழி இருந்தது. முதல் வெட்டிலிருந்து கடைசித் தையல்வரை மைக்ராஸ்கோப் வழியாக வீடியோ எடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறப்பதையும் எடுத்து, பொதுக் கணினியில் போட்டுவிடவேண்டும் என்பது விதி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அடுத்தவன் எலி வீடியோவை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? நான் பார்த்தேன். மதியம் எல்லாரும் சாப்பிடக் கீழே இறங்கியதும், கிம்பாப் என்கிற சோற்று உருளை ஒன்றை வாயில் திணித்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்துவிடுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவனைக் கையும் களவுமாகப் பிடித்தால் இடம் எனக்கு. அதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

ஒரு நாள் மாட்டினான் என்றே நினைத்தேன். எலிகளை அடையாளம் காணக் காதில் ஒரு சின்ன வெட்டு போட்டிருப்போம். முதல் வீடியோவில் வெட்டு வலது காதில். அதே எண், ஒரு வாரம் கழித்து எடுத்த வீடியோவில் வெட்டு இடது காதில்! பேராசிரியர் அறை வாசல்வரை ஓடிவிட்டேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோதுதான் உறைத்தது. முதல் வீடியோவில் எலி மல்லாந்து கிடக்கிறது. இரண்டாவதில், திறப்பதற்கு முன் கூண்டில் குப்புறப் படுத்திருக்கிறது. அதே காதுதான். மூளையில் கத்தி வைக்கப்போகிறவள் இடம் வலம் தெரியாமல் நின்றேன் என்று வெளியே தெரிந்தால், முதுகுவலி ஆஸ்பத்திரியில்கூடச் சேர்க்கமாட்டார்கள். பூனை மாதிரித் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்காக விட்டுவிடவில்லை. ஒரு வீடியோ பாக்கியில்லாமல் பார்த்தேன். பார்க்கிறபோது கை சும்மா இருக்காது எனக்கு. மேசைமேல் ஒரு துணித் துண்டையும் நூலையும் வைத்துக்கொண்டு எதையாவது முடிந்துகொண்டே இருப்பேன். திரையில் அவன் கை எப்படிப் போகிறது என்று எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. தையலை இடது ஓரத்திலிருந்து தொடங்குவான். ஊசியைக் குத்துமுன் குழாயின் விளிம்பை இடுக்கியால் பிடிக்கவே மாட்டான், அடியில் கொடுத்துத் தாங்க மட்டும் செய்வான். ஒவ்வொரு முடிச்சுக்கும் பிறகு ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, குழாயை லேசாக இரண்டு தட்டுத் தட்டுவான், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி. அந்தத் தட்டலைப் பார்க்கும்போதெல்லாம், என்ன நடிப்பு என்று பல்லைக் கடிப்பேன்.

பித்தலாட்டம் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் இன்னொன்று நடந்தது. என் எலிகள் பிழைக்க ஆரம்பித்தன. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு வரிசையாக. குழாய்கள் திறந்திருந்தன. கடைசியில் என் கை எனக்கு வசப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். உழைத்தவளுக்குக் கிடைக்கத்தானே வேண்டும்? கண்ணாடியைப் பார்த்து, "சபாஷ், தாக் ஹெரிம்" என்று சொல்லிக்கொண்டேன்.

குளிர்காலத் தொடக்கத்தில் செய்து காட்டும் நாள் வந்தது. நாங்கள் இருவரும் எல்லார் முன்னாலும் ஆளுக்கோர் எலியைத் தைக்கவேண்டும். பெரிய திரையில் தெரியும். பார்த்துவிட்டு, அந்த இடம் யாருக்கு என்று பேராசிரியர் அங்கேயே சொல்லிவிடுவார். முதலில் என் முறை. உட்கார்ந்தேன். தைத்து முடித்து, குழாயைப் பிடித்திருந்த கவ்விகளை எடுத்ததும் ரத்தம் சலசலவென்று ஓடிற்று. ஒரு துளி கசியவில்லை. குழாய் துடிப்பது திரையில் மலைப்பாம்பு மாதிரி தெரிந்தது.

முதல் வருடப் பயிற்சி டாக்டர் பெண் நாரே, "அடேயப்பா! அக்கா, கையா அது!" என்று கத்தினாள். எனக்கு உள்ளுக்குள் பொங்கி வந்தது. கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பேராசிரியர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தார்.

"ஹெரிம், நீ வலது கைக்காரிதானே?"

"ஆமா சார்."

"வலது கைக்காரி எவளும் இடது ஓரத்துல ஆரம்பிக்கமாட்டா. முடிச்சு வாலெல்லாம் எந்தப் பக்கம் பாக்குது, பாருங்க எல்லாரும். அது இருக்கட்டும். முடிச்சு போட்டதும் ரெண்டு தட்டு தட்டினியே, அது யாரு தட்டு?"

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. நான் தட்டினேனா? தட்டியிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

"இது கிஹூன் கை" என்றார் பேராசிரியர். "வசந்தத்துல எலியைக் கொன்னு குவிச்சுக்கிட்டிருந்தா இந்தப் பொண்ணு. அவளை உக்கார வச்சு இப்படித் தைக்கப் பழக்கியிருக்கான். வெளிய ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க, கழுதை."

கிஹூன் எழுந்து நின்றான். "சார், நான் ஒண்ணும் சொல்லித் தரலை. அக்கா தானாவே..."

"உக்காருடா. அடக்கம் போதும்." அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "நல்லாத் தைக்கிறவன் ஊருக்கு நூறு பேர் இருக்கான். தன் கையை இன்னொருத்தர் கைக்கு மாத்தத் தெரிஞ்சவன்தான் எனக்கு வேணும். நாளைக்கு இந்தச் சின்னப் பசங்களைப் பழக்கப்போறது அவன்தானே? இடம் கிஹூனுக்கு. அவன் தனியா தைச்சுக் காட்ட வேண்டியதில்லை. இப்ப பாத்தோமே, அதுவே அவனோடதுதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், எல்லாரையும்விடச் சத்தமாக. வேறென்ன செய்ய? அவன் எனக்குச் சொல்லித் தரவில்லை சார், திருட்டுத்தனமாக அவன் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லவா? ஏன் பார்த்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? வாயைத் திறக்க வழியே இல்லை. என் நான்கு வருட ஆசையை, என் கையாலேயே தைத்து, முடிச்சுப் போட்டு, இரண்டு தட்டும் தட்டி அவனிடம் கொடுத்திருக்கிறேன்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் சூடான காப்பி டப்பாக்கள் இரண்டை எடுத்துக்கொண்டு கிஹூன் வந்தான்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க."

"எதுக்கு? இடம் கிடைச்சதுக்கா? போடா, போய்க் கொண்டாடு."

"இல்லக்கா. சார்கிட்ட பொய் சொன்னதுக்கு."

"என்ன பொய்?"

"சொல்லித் தரலைன்னு சொன்னேனே." அவன் படியில் ஒரு ஓரமாக உட்கார்ந்தான். "வீடியோவைத் திறந்தா, கடைசியா யாரு திறந்தாங்கன்னு பக்கத்துலயே பேரு வரும்க்கா. எல்லாத்துலயும் உங்க பேருதான். நீங்க வாய்விட்டுக் கேக்கமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நானா வந்து சொல்லிக் கொடுத்தா அடிக்க வருவீங்க. அதான் கண்டும் காணாத மாதிரி இருந்துட்டேன். உங்களுக்குத் தெரியட்டும்னு மெதுவா தைச்சேன். என் கை மறைக்காம லென்ஸைத் திருப்பி வச்சேன். ஊசி போற இடத்துல கொஞ்சம் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். இடது கைப் பழக்கம் உங்களுக்கு ஒட்டிக்கும்னு யோசிக்காம விட்டுட்டேன். அதுக்கும் மன்னிச்சுக்கோங்க."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் அவனை வேவு பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவன் எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். பேராசிரியர் சொன்னது அத்தனையும் நிஜம். இடம் போனது நியாயமாகவே போயிருக்கிறது. அநியாயம் என்று சொல்லி அழக்கூட எனக்கு வழியில்லாமல் பண்ணிவிட்டான் பாவி.

"டேய்" என்றேன். "நான் கத்துக்கறதுக்குப் பாக்கலைடா. உன் பித்தலாட்டத்தைப் பிடிக்கத்தான் பாத்தேன். செத்த எலியை நீ மறைக்கிறேன்னு நினைச்சேன். பேராசிரியர் கதவுவரைக்கும் போயிட்டு வந்தேன். போதுமா? இப்பப் போய் எல்லார்கிட்டயும் சொல்லு."

அவன் கையிலிருந்த டப்பா அப்படியே நின்றது. முதல்முறையாக அந்த நல்ல முகம் சுருங்கியது. எனக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், குளுகுளு என்று இருந்தது.

"எல்லாத்தையும் பாத்தீங்களா?" என்றான் மெதுவாக.

"எல்லாத்தையும்."

"முதல்லேருந்து கடைசிவரைக்கும்? வேகமா ஓட்டாம?"

"ஓட்டாம. உன்னைப் பிடிக்கணும்ல?"

"ஏதாவது கிடைச்சுதா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லடா! எத்தனை தடவை சொல்றது!"

"அப்பாடா" என்றான். நிஜமாகவே நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டான். "கட்டுரையை அனுப்பணும்க்கா. எங்கேயாவது கண்ணு தவறித் தப்பு விட்டிருப்பேனோன்னு பயத்துல சாப்பாடே இறங்கலை. நாரேகிட்ட பாருன்னு சொன்னா, ரெண்டு வீடியோ பாத்துட்டு 'பிரமாதம் அண்ணே'ன்னு மூடிடுவா. எனக்கு வேண்டியவங்க யாரு பாத்தாலும் அப்படித்தான். நீங்க என்னை ஒழிக்கணும்னே உக்காந்து பாத்திருக்கீங்க. அதுலயும் ஒண்ணும் கிடைக்கலைன்னா, இதைவிட என்னக்கா வேணும்?"

காப்பி டப்பாவைத் தூக்கி அவன் தலையில் போடலாமா என்று வந்தது. அவனோ சந்தோஷமாக அதை எனக்குத் திறந்து கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். போகிறபோது விசில் வேறு.

போன மாதம் கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் யோம் கிஹூன். இரண்டாவது தாக் ஹெரிம். நடுவில் ஓரிடத்தில் கிஹூன் ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "அறுவைகள் அனைத்தின் ஒளிப்பதிவுகளும் இரண்டாம் ஆசிரியரால் தனியாகவும் முழுமையாகவும் சரிபார்க்கப்பட்டன." அனுப்புவதற்கு முன் என்னிடம் கேட்டுத்தான் சேர்த்தான். இல்லை என்று எப்படிச் சொல்வது? அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

இப்போது ஊரே அந்த வரியைத்தான் புகழ்கிறதாம். இத்தனை கறாராகச் சரிபார்க்கிற ஆளைப் பக்கத்தில் வைத்திருக்கிறானே, என்ன நேர்மையான ஆராய்ச்சியாளன் என்று கிஹூனைப் பாராட்டுகிறார்களாம். நாரேதான் தொலைபேசியில் சொன்னாள், ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் அப்போது ஒரு கம்பெனி முதலாளியின் இடுப்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். அந்த ஆள் "ஐயோ" என்று கத்திய பிறகுதான், கொஞ்சம் ஓங்கிக் குத்திவிட்டேன் என்று தெரிந்தது.